மரம் என்னுடையது, வேர்?



டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து ஐந்து மாதமாகிறது. வாசலில் பெரிய லைவ் ஓக் மரம் ஒன்று குடை விரித்தாற்போல் நிற்கிறது. ஓக்கை நம் அகராதிகள் கருவாலி என்கின்றன. ஊட்டியில் நாம் பார்க்கும் சில்வர் ஓக் பெயரில் மட்டும்தான் ஓக்; அது வேறு குடும்பம்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூரையில் உரசிய கிளையை வெட்ட மகன் ஏணி போட்டான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். எதிர்வீட்டுப் பெரியவர் வேகமாக ஓடி வந்து, "இப்போது வேண்டாம், ஜூலை வரட்டும்" என்றார். மகனுக்குக் கோபம். "என் வீடு, என் மரம். இவருக்கு என்னப்பா?" என்று தமிழில் முணுமுணுத்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அன்றிரவு இருவரும் உட்கார்ந்து படித்தோம். இங்கே 'ஓக் வில்ட்' என்றொரு பூஞ்சை நோய் இருக்கிறது. மரத்துக்குள் நீர் ஏறும் குழாய்களை அடைத்து, மரத்தையே வாட்டிக் கொன்றுவிடும். புதிதாக வெட்டிய இடத்தில் கசியும் சாறு சிறு வண்டுகளை இழுக்கும். நோயுள்ள மரத்திலிருந்து வரும் வண்டு பூஞ்சையின் வித்துகளையும் சுமந்து வரும். பிப்ரவரி முதல் ஜூன் வரை இந்த ஆபத்து அதிகம். அப்போது ஓக்கை வெட்டக் கூடாது. மற்ற மாதங்களில் வெட்டினாலும் வெட்டுவாயில் உடனே பெயிண்ட் பூச வேண்டும்.

அடுத்துப் படித்ததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. பக்கத்து பக்கத்து லைவ் ஓக் மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரு மரத்துக்கு வந்த நோய் வேர் வழியே அடுத்த வீட்டுக்கும் போகும். அதைத் தடுக்க, குறைந்தது 4 அடி ஆழம் தோண்டி வேர்களைத் துண்டிக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தது நம் மரத்துக்காக மட்டுமல்ல.

தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் 19 அங்குலக் குறுக்களவு உள்ள மரத்தை, சொந்தக்காரரே ஆனாலும் இந்த நகரில் அனுமதியின்றி அகற்ற முடியாது. "காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் இவர்கள் யார்?" என்பது மகனின் கட்சி. நான் சட்டத்தின் கட்சி. வீட்டைக் கட்ட ஒரு வருடம் போதும். இப்படி ஒரு மரம் வளர ஒரு ஆயுள் வேண்டும். நட்டவர் வேறு, நிழலில் நாற்காலி போட்டு உட்காருபவர் வேறு. இடையில் வந்த நாம் முழு உரிமை கொண்டாடலாமா? புயலில் முறிந்து தலைமேல் தொங்கும் கிளைக்கு மாதம் பார்க்க வேண்டியதில்லை. வெட்டிவிட்டுப் பெயிண்ட் பூசலாம். மற்றதற்குக் காத்திருப்பதும் பராமரிப்புதான்.

பல வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். தெரியாத மரத்தைத் தொடுமுன் விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லையே என்ற வெட்கம் இன்னும் இருக்கிறது.

போன வாரம் அந்தக் கிளையை வெட்டினோம். ஏணியில் மகன், கீழே பெயிண்ட் டப்பாவோடு நான். எதிர்வீட்டுப் பெரியவர் தம் வாசலிலிருந்து கையசைத்தார்.

பிள்ளைகள் வீட்டுக்கு இங்கே வரும் பெற்றோர்களே, சும்மா இருக்க முடியாமல் அரிவாளைத் தேடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.