பீரங்கியைத் திட்டாதீங்க, கணக்கைப் பாருங்க!

"ஜெர்மன்காரன் சரக்கு இவ்வளவுதானா?" என்று கேன்டீனில் ஒரு நக்கல். உக்ரைனில் பான்சர்ஹௌபிட்ஸே 2000 பீரங்கிகள் பழுதாகி நின்ற கதையைப் படித்துவிட்டு நண்பர் சொன்ன தீர்ப்பு இது. பி.காம் படிக்கிறவனுக்குப் பீரங்கியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். தேய்மானம் என்றால் என்னவென்று தெரியும். அது போதும் :-)

முதலில் சரக்கைப் பார்ப்போம். 155 மி.மீ. குழாய், சுமார் 55 டன் எடை, டாங்க் மாதிரி தானே ஓடும். உள்ளே ஐந்து பேர். குண்டை ஏற்றுவது இயந்திரம், ஒரு நிமிடத்துக்குள் பத்து குண்டு போகும். 2006-லேயே நெதர்லாந்து ராணுவம் ஆப்கானிஸ்தானில் இதை வைத்துப் போரிட்டது.

2022 ஜூனில் உக்ரைனுக்கு ஜெர்மனி 7, நெதர்லாந்து 5 கொடுத்தன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போர்முனைக்கு மொத்தமே 12! ஒரு நாளைக்கு 100 குண்டு சுட்டாலே ஜெர்மன் ராணுவக் கணக்கில் அது கடும் உழைப்பு. உக்ரைன்காரர்களுக்கு வேறு வழியில்லை, சுட்டுத் தள்ளினார்கள். அடுத்த மாதமே பழுதுச் செய்தி. சர்வீஸே விடாமல் ராத்திரி பகலாக பஸ்ஸை ஓட்டிவிட்டு, பஸ் கம்பெனியைத் திட்டுவது என்ன நியாயம்? ரிப்பேருக்கு லிதுவேனியா வரை அனுப்ப வேண்டியிருந்தது. அத்தனை நாளும் போர்முனையில் ஒரு பீரங்கி குறைவு. அந்தக் குறைக்கு விலை கொடுத்தது சிப்பாய்கள்.

என் குற்றச்சாட்டு ஜெர்மன் பட்ஜெட் மீதுதான். 1996-ல் 185 பீரங்கி ஆர்டர் செய்த நாடு, பிறகு "இனி ஐரோப்பாவில் போர் ஏது?" என்று பழையவற்றை லிதுவேனியாவுக்கும் குரோஷியாவுக்கும் விற்றது. 2022-ல் உக்ரைனுக்குக் கொடுத்தவற்றின் இடத்தை நிரப்ப 2023-ல்தான் ஆர்டர். டெலிவரி என்று குறித்த வருடமே 2025! உக்ரைன் 100 வாங்க 2022-ல் அனுமதி கிடைத்தது, மதிப்பு 170 கோடி யூரோ. ஒன்றுக்கு 1.7 கோடி யூரோ. இவ்வளவு விலைக்கு வாங்கும் பொருளுக்கு உதிரிபாகம் வாங்கி வைக்காதது சிக்கனமா?

"ட்ரோன் வந்தாச்சு, பீரங்கி காலி" என்பது அடுத்த வாதம். ட்ரோன் இந்தப் பீரங்கிகளையும் அழித்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ட்ரோனுக்கு மழையும் பலத்த காற்றும் எதிரி, பீரங்கிக்கு அப்படியில்லை. அதே ஜெர்மனியில் ஓடிக்கொண்டே சுடும் ஆர்.சி.எச். 155 தயாராகி, 2025 ஜனவரியில் முதல் வண்டி உக்ரைனிடம் ஒப்படைக்கப்பட்டது. பீரங்கி காலியாகிறது என்றால் புதிதாக எதற்குச் செய்கிறார்கள்?

அதற்காவது உதிரிபாகத்தைச் சேர்த்து வாங்குங்கள் ஐயா. இல்லையென்றால் இன்னொரு போர், இன்னொரு பழுதுச் செய்தி, கேன்டீனில் இன்னொரு நக்கல்.