விறகு யாருக்கு, வேர் யாருக்கு?

நம் சங்கங்களின் அங்கத்தினர்களுள் பலருக்கு ஊரை அடுத்து ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ புஞ்சை நிலம் உண்டு. தறியையே நம்பி வாழும் குடும்பங்களிலும் பாட்டன் காலத்துப் பட்டா ஒன்று பெட்டியில் இருப்பதைக் காண்கிறோம். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இத்தகைய நிலங்கள் பல இன்று சீமைக் கருவேலங்காடாகிக் கிடக்கின்றன. மழை தவறிய ஆண்டில் உழாமல் விட்ட நிலம், சில ஆண்டுகளில் ஆள் நுழைய முடியாத முட்புதராகிவிடுகிறது.

அந்நிலத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன் ஒப்பந்தக்காரர் ஒருவர் வாசலுக்கு வருகிறார். “நீங்கள் ஒரு காசும் செலவு செய்ய வேண்டா. காட்டை நான் வெட்டி விறகை எடுத்துக்கொள்கிறேன், நிலம் உங்களுக்குச் சுத்தமாகிவிடும்” என்கிறார். சிலர் மேற்கொண்டு சிறு தொகையும் கையில் வைப்பதுண்டு. கேட்பதற்கு இனிய பேச்சுத்தான். ஆனால், பல ஊர்ச் சங்கங்களின் கணக்குகளையும் அங்கத்தினர்களின் முறையீடுகளையும் பார்த்து வருபவன் என்ற முறையில் நான் துணிந்து கூறுவேன்: நிலந்திருத்தும் உடன்படிக்கைகளுள் இந்த இலவச உடன்படிக்கையே மிகவும் விலை கூடியது.

காரணம் அம்மரத்தின் இயல்பிலேயே அமைந்திருக்கிறது. அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களுக்குரிய இம்மரம், 1877ஆம் ஆண்டில் சென்னை மாகாண வனத்துறையினரால் கடப்பைப் பகுதியில் விறகுக்காகப் பயிரிடப்பட்டது. தரைக்கு மேலே வெட்டினால் இது சாவதில்லை. அடித்தூரில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் விழித்து, ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் கிளம்புகின்றன. தூரை ஓர் அடி ஆழத்துக்குக் குறையாமல் தோண்டி எடுத்தாலன்றி மரம் ஒழியாது. இதன் இனிப்பான காய்களை ஆடு மாடுகள் விரும்பித் தின்கின்றன. விதைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிவந்து பரவுகின்றன. மண்ணில் விழுந்த விதை பல ஆண்டுகள் முளைக்கும் ஆற்றலோடு கிடக்கும். ஆகையால், தூர் எடுத்த பின்னும் உழவும் களையெடுப்பும் இடைவிடாமல் நடைபெற வேண்டும்.

இனி, ஒப்பந்தக்காரரின் நிலையில் நின்று பாருங்கள். அவருடைய இலாபம் விறகிலும் கரிமூட்டத்திலும் இருக்கிறது. தூர்க்கட்டைக்கும் விலை உண்டு என்றாலும், இறுகிய மண்ணில் அதனைத் தோண்டும் கூலி அவ்விலையை விழுங்கிவிடும். தூர் மீண்டும் துளிர்த்தால் அவருக்கு நட்டமில்லை. நான்கைந்து ஆண்டுகளில் இன்னொரு வெட்டுக் கிடைக்கும். இதனால் அவரை மோசக்காரர் என்று கூறிவிடலாகாது. உடன்படிக்கையே அவரை விறகின் பக்கமும், நிலத்துக்குரியவரை வேரின் பக்கமும் நிறுத்திவிட்டது. விறகு அவருக்கு, வேர் நமக்கு என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை.

நெசவாளர்களுக்கு இது புதிய பாடமன்று. நூலையும் முன்பணத்தையும் தந்து, துணியைத் தாம் குறித்த விலைக்கு எடுத்துக்கொண்ட வணிகர்களிடமிருந்து விடுபடுவதற்கே நம்மவர் சங்கங்களை அமைத்தார்கள். நூல் விலை தனி, கூலி தனி, துணி விலை தனி என்று மூன்றையும் பிரித்து எழுதிய பிறகுதான் தம் உழைப்பின் மதிப்பு இன்னது என்று நெசவாளர் அறிந்தார். நிலத்திலும் அம்முறையையே கையாள வேண்டும்.

முதலாவது, விறகு விற்பனை வேறு, தூர் எடுக்கும் வேலை வேறு என்று பிரித்தல் வேண்டும். விறகை எடைமேடைச் சீட்டின்படி டன் கணக்கில் விற்க வேண்டும். “காடு முழுவதும் இவ்வளவு” என்று கண்மதிப்பில் விடலாகாது. அவ்வரவைக் கொண்டு தூர் எடுக்கும் செலவில் ஒரு பகுதியையாவது ஈடு செய்யலாம்.

இரண்டாவது, மண் தோண்டும் இயந்திரத்தை மணிக்கணக்கில் அமர்த்தினால், வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் இயந்திரத்தின் மணிக்கணக்கைக் குறித்து இருதரப்பாரும் கையொப்பமிட வேண்டும்.

மூன்றாவது, கூலி முழுவதையும் உடனே கொடுக்கலாகாது. மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்தில் நிலத்தைச் சுற்றிப் பார்த்து, துளிர்த்த தூர்களை அகற்றிய பிறகே கொடுப்பது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். வேலையின் உண்மையை மழையே சொல்லிவிடும்.

நான்காவது, புல எண்ணும் எல்லைக் கற்களும் உடன்படிக்கையில் இடம்பெற வேண்டும். பனை, வேம்பு, நாட்டுக் கருவேலம் ஆகிய நிற்கவேண்டிய மரங்களையும் எண்ணி எழுத வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதை மறக்கலாகாது. கண்மாயிலும் புறம்போக்கிலும் உள்ள மரம் பக்கத்துப் பட்டாதாரருக்கு உரியதன்று.

இன்னொன்றும் கேட்டறிய வேண்டும்: வெட்ட வருபவர்கள் யார்? அவர்களுக்குக் கூலி யார் கையில் கொடுக்கப்படுகிறது? முன்பணத்தால் குடும்பத்தோடு கட்டுண்டு மரம் வெட்டும் ஏழைகள் நம் நாட்டில் உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் இயற்றப்பட்டும், 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேர் மீட்கப்பட்டனர். இலவசமாக நம் நிலம் வெட்டப்படுகிறது என்றால், அவ்விலவசத்தின் விலையை வேறொருவர் செலுத்துகிறார் என்று ஐயுறுவது கூட்டுறவாளரின் கடமையாகும்.

இவற்றையெல்லாம் ஒற்றை ஆளாகச் செய்வது எளிதன்று. ஓர் ஏக்கருக்காக இயந்திரத்தை வரவழைக்கும் செலவே பெரிது. மேலும், ஒருவர் நிலத்தைத் திருத்தி அடுத்தவர் நிலம் காடாகவே கிடந்தால், ஆடுகள் வழியே விதை திரும்ப வந்து சேரும். ஆகவே, அடுத்தடுத்த புலங்களுக்குரிய அங்கத்தினர் பத்துப் பேர் ஒன்றுகூடி ஒரே உடன்படிக்கை செய்துகொள்வதே தக்க வழி. சங்கமே இதனை ஏற்று நடத்துவதாயின், துணைவிதிகளில் அதற்கு இடமுண்டா என்று முதலில் பார்த்து, இல்லையேல் முறைப்படி திருத்தம் செய்துகொள்ள வேண்டும். பயிர்க்கடனாகப் பெற்ற தொகையை ஒப்பந்தக்காரருக்கு முன்பணமாக மாற்றிவிடுவது எவ்வகையிலும் தகாது.

“வறட்சிக் காலத்தில் விறகும் கரியும் அல்லவா ஏழைக்குச் சோறு போடுகின்றன?” என்று சிலர் கேட்பர். அது மெய்யே. அதனாலேயே, உழுது விதைக்க முடிந்த அளவுக்கு மட்டும் ஆண்டுதோறும் திருத்துங்கள் என்கிறேன். வெட்டிய நிலத்தை வெறுமனே விட்டால் அடுத்த மழையில் விதைகள் முளைத்து, செலவு வீணாகும். இரண்டு ஏக்கர் வெட்டிக் கைவிடுவதைவிட, அரை ஏக்கர் தூரெடுத்து மிளகாயோ பருத்தியோ சிறுதானியமோ பயிரிடுவது மேல். வெட்டுக்கூலியை எடைக்கணக்கில் தொழிலாளர் கையிலேயே கொடுத்தால், அவர்கள் பிழைப்பும் கெடாது.

வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஒரு பொருளாக வைத்து ஆலோசிப்பார்களாக. கோடை முடியுமுன் உடன்படிக்கை எழுதப்பட்டால், மழைக்கு முன் தூர் எடுத்து முடிக்கலாம். அதற்குமுன் வாசலில் வந்து நிற்பவருக்கு அவசரப்பட்டுத் தலையசைத்துவிட வேண்டா.