தூய கிறிஸ்துமஸும் தோல் ஷாப்பு நாற்றமும்

வேலூர்ப் பக்கத்துச் சபைப் பெரியவர் ஒருவர், கிறிஸ்துமஸின் மெய்ப்பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு கிறிஸ்துமஸ் மலரில் எட்டுப் பக்கத்துக்கு அறிவித்திருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது: பண்டிகை வியாபாரமாகிவிட்டது, ஸ்டாரும் புதுத்துணியும் பிரியாணியும் ஆன்மாவை மூடிவிட்டன, டிசம்பர் 25 என்பதே ரோமாபுரியின் சூரிய விழா, ஆம்பூர், பேரணாம்பட்டு ஜனங்கள் போனஸ் பேச்சையும் பாலாற்றுப் பேச்சையும் ஆலயத்துக்குள் இழுத்துவந்து திருநாளை அழுக்காக்குகிறார்கள், மெய்யான கிறிஸ்துமஸ் உள்ளத்தின் மௌனத்தில் நடப்பது, வேண்டுமானால் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பாருங்கள். பெயரைச் சொல்லி அவரைப் பெரிய ஆளாக்க வேண்டாம். வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம், வாதம் என்று ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு.

முதலில் தேதி. யாரும் திறக்காத சுவடியைத் தான் மட்டும் திறந்துவிட்டவர் போல இதைச் சொல்கிறார். கிறிஸ்துமஸ் கொண்டாடாத பெந்தெகொஸ்தே சபைகளில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கே இது மனப்பாடம். ரோமாபுரியில் கி.பி. 354-இல் தொகுத்த பஞ்சாங்கம் ஒன்று உண்டு. வெல்லப்படாத சூரியனின் விழாவும் அதில்தான் டிசம்பர் 25-இல் நிற்கிறது, பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்ற குறிப்பும் அதே நாளுக்கு அதே தொகுப்பில்தான் இருக்கிறது. யாரைப் பார்த்து யார் வைத்துக்கொண்டார்கள் என்பதில் வரலாற்றாளர்களின் வழக்கு இன்னும் முடியவில்லை. நம் பெரியவரோ தீர்ப்பு எழுதி முத்திரையும் குத்திவிட்டார். போகட்டும், தேதியே பொய் என்றால் டிசம்பர் மலருக்கு எதற்கய்யா கட்டுரை கொடுத்தீர்? ஆடியில் எழுதியிருக்கலாமே, யார் தடுத்தார்கள்?

இந்தத் தூய்மைவாதத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பியூரிட்டன்கள் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவனுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் போட்டார்கள். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. அதில் குற்றங்களை வரிசைப்படுத்தியிருக்கும் அழகை வாசகர் கவனிக்க வேண்டும்: விருந்து இரண்டாவதாகத்தான் வருகிறது, முதலில் நிற்பது அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருப்பது! ஸ்காட்லாந்தில் அந்த நாள் அரசு விடுமுறையானதே 1958-இல்தான். டிக்கன்ஸ் 1843-இல் படைத்த ஸ்க்ரூஜும் குமாஸ்தாவுக்கு ஒருநாள் சம்பளத்தோடு லீவு கொடுக்கத்தான் வயிறெரிந்தான். வேத ஆராய்ச்சி செய்து அல்ல. பண்டிகையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று பதறுகிறவர்களின் கணக்கு நோட்டைப் புரட்டினால், பெரும்பாலும் யாரோ ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய ஒருநாள் கூலிதான் அந்த அழுக்கு.

இப்போது போனஸுக்கு வருவோம். கேட்பது பேராசையாம். சட்டம் குறைந்தது 8.33 விழுக்காடு கொடு என்கிறது. சட்டம் கொடுக்கச் சொன்னதை வாங்க நினைப்பது பேராசை என்றால், கொடுக்காமல் வைத்துக்கொள்வதற்குப் பெயர் என்ன, தியானமா? ஷூ கம்பெனியில் நாள் முழுக்க மேல்தோல் தைத்துவிட்டு வரும் பெண், வருடத்தில் ஒருமுறை தன் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை எடுத்தால் அது உலகாசை. அவள் தைத்த ஷூ கப்பலேறி ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பரிசுப் பொட்டலமாக உட்கார்ந்தால் அது ஏற்றுமதி! வியாபாரம் வேண்டாம் என்கிற இந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையின் முழுப்பக்க விளம்பரம் சிரிக்கிறது. அச்சுக்கூலி எங்கிருந்து வந்தது என்று மலர்க் குழுவைக் கேட்டுவிட்டாவது பேனாவைத் திறந்திருக்கலாம்.

ஐடா அம்மையாரைச் சாட்சிக்கு அழைத்ததுதான் அவர் செய்த பெரிய தவறு. அம்மையாரின் கதை இந்த வட்டாரத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்த இளம்பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் வேறொரு மேல்சாதி இந்து. மூவர் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஆண் மருத்துவரை உள்ளே விட மூவருக்குமே வழக்கம் இடங்கொடுக்கவில்லை. மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் கார்னெல் போய் மருத்துவம் படித்தார், 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார், 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். இதில் உள்ளத்தின் மௌனம் எங்கே வருகிறது? கதவு தட்டும் சத்தம் அல்லவா வருகிறது? தட்டியவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை என்பதையும், செத்தது ஆன்மா அல்ல உடம்பு என்பதையும் பெரியவர் நாசூக்காக விட்டுவிட்டார். எட்டுப் பக்கத்தில் மரியாளின் பெயரே ஓரிடத்திலும் வராதபோது, திண்டிவனத்துப் பிள்ளைத்தாய்ச்சிகள் மட்டும் எப்படி வருவார்கள்? பிறப்பைக் கொண்டாடும் திருநாளின் மெய்ப்பொருளைப் பெற்றவளை விட்டுவிட்டு எழுதுவதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும்.

ஐடா அம்மையார் வேலூரில் தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு 1946-இல் வந்த மருத்துவர் பால் பிராண்டைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. விட்டிருந்தால் கட்டுரை அங்கேயே படுத்திருக்கும். தொழுநோயாளியின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை மாற்றித் தைத்து, அவர் மறுபடி உளியும் கரண்டியும் பிடிக்க வழிசெய்தவர் பிராண்ட். உணர்ச்சி செத்த பாதம் புண்ணாகாமல் இருக்க மென்ரப்பர்ச் செருப்புச் செய்தது அவரும் அவரோடு வேலூரிலும் கரிகிரியிலும் உழைத்தவர்களும். செருப்பு, ஐயா, செருப்பு! நீங்கள் ஆலயத்துக்கு வெளியே கழற்றிவிட்டு வரச் சொல்கிற அதே சாமான்.

ஆம்பூரில் பாய் வீட்டுக்குக் கேக் போவதும் அங்கிருந்து பிரியாணி வருவதும் அவருக்கு ஆவிக்குரிய கலப்படமாகத் தெரிகிறது. குர்ஆனில் மர்யம் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பேரீச்ச மரத்தடியில் பிரசவ வலியில் அந்தத் தாய் துடித்ததை அது சொல்கிறது. ஆக, பிரியாணி அனுப்பிய வீட்டில் பெற்றவளுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது, பிரியாணியைப் பழித்தவரின் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கலப்படம் எந்தப் பக்கம்?

லூக்காவை அவர் எப்போது கடைசியாகப் படித்தாரோ தெரியாது. அந்தக் கதை தொடங்குவதே அரசாங்கக் குடிமதிப்புக் கணக்கில். நிறைமாதக்காரியை ஊர்விட்டு ஊர் நடக்கவைத்த உத்தரவில். செய்தி முதலில் போனது இராக்காவல் ஆட்களுக்கு, இன்றைய பேச்சில் சொன்னால் நைட் ஷிஃப்டுக்கு. 2015 ஜனவரிக் கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, இரவில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்களைச் சேறு மூடிக் கொன்றதே, அதில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சத்திரத்தில் இடமில்லாதவர்களைத் தேட நாம் பெத்லகேம் வரை போக வேண்டுமா? பாலாற்றில் கலக்கும் தோல் கழிவைப் பற்றிப் பேசினால் அரசியலாம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதை எடுத்துக்காட்டி, கெடுத்தவனே ஈடுகொடுக்க வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது, வேலூர்க் குடிமக்கள் போட்ட வழக்கில். பூமியிலே சமாதானம் என்று பாடலாம், அந்தப் பூமியின் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசக்கூடாது என்றால், இவர் சொல்லும் பூமி எந்தக் கிரகத்தில் இருக்கிறது?

கடைசிப் பக்கத்தில்தான் சாயம் வெளுக்கிறது. காலனிப் பிள்ளைகளின் பஜனை விடிய விடிய மேளத்தோடு வீதி சுற்றுவது நாகரிகக் குறைவாம். ஆராதனை ‘ஒழுங்கோடு’ நடக்க வேண்டுமாம். ஆக, பிரச்சினை சூரியனும் இல்லை, ஸ்டாரும் இல்லை. எட்டுப் பக்கம் சுற்றிவந்து அவர் இறங்க நினைத்த இடம் இதுதான்: மேளமும், வியர்வையும், தோல் ஷாப்பிலிருந்து நேரே வந்தவன் உடம்பில் ஒட்டிய வாடையும் முன்வரிசைக்கு வரக்கூடாது. இதை ஒரே வரியில் சொல்லியிருந்தால் காகிதமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் ஒரே வரியில் சொன்னால் அதன் பழைய பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும் அல்லவா?

வேதத்தையே துணைக்கு அழைப்பவர் என்பதால் வேதத்திலேயே ஒரு வீட்டைக் காட்டிவிடுகிறேன். யூத மரபில் தோல் பதனிடுபவன் ஊருக்கு ஐம்பது முழம் தள்ளித்தான் தொழில் செய்ய வேண்டும். நாற்றம் தாங்காமல் அவன் மனைவி மணவிலக்குக் கேட்டால் அதற்கும் இடமுண்டு. அப்போஸ்தலனாகிய பேதுரு யோப்பாவில் வெகுநாள் தங்கியிருந்தது அப்படிப்பட்ட சீமோன் ஒருவனின் வீட்டில். எதையும் தீட்டென்று சொல்லாதே என்ற தரிசனம் அவருக்குக் கிடைத்தது எருசலேம் ஆலயத்தில் அல்ல, அந்த வீட்டு மாடியில். பேதுருவை அழைத்துவர ஆளனுப்பும்படி நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவிடம் சொன்ன தேவதூதனும், கடலோரத்தில் தோல் பதனிடும் சீமோன் வீடு என்று தொழிலையும் சேர்த்தே முகவரி சொன்னான். வானத்துத் தூதனுக்கு வராத கூச்சம் நம் பெரியவருக்கு வருகிறது.