குடித்தனக்காரருக்கு ஓனர் சாவி!

சமயநல்லூரில் காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆறு குடித்தனம், ஒரே வாசல், தண்ணீருக்கு ஒரே மோட்டார். ஆனால் அவரவர் கதவுக்கு அவரவர் பூட்டு. எல்லாச் சாவியும் இருப்பது ஓனரிடம் மட்டும்.

போனில் பார்க்கும் பல ஆப்களும் எங்கோ பெரிய கம்ப்யூட்டர்களில் இப்படித்தான் குடியிருக்கின்றன. 'கன்டெய்னர்' என்பது ஒவ்வொன்றுக்குமான தனி அறை. யாருக்கு எந்த அறை என்று கவனிக்கும் மேனேஜர், 2014-ல் கூகுள் வெளியிட்ட 'குபர்னெட்டீஸ்' மென்பொருள். (கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று அர்த்தமாம்!)

2018 டிசம்பர் 3 அன்று, அந்த மேனேஜரிடமே ஓட்டை என்ற செய்தி வந்தது. கண்டுபிடித்தவர் ரான்ச்சர் லேப்ஸ் நிறுவனத்தின் டேரன் ஷெப்பர்டு. ஆபத்து மதிப்பெண் பத்துக்கு 9.8.

நடந்தது இதுதான். ஒருவர் வேண்டுமென்றே கோணலான ஒரு கோரிக்கையை அனுப்புகிறார். மேனேஜர் அதை உள்ளே கொண்டுபோகிறது. 'முடியாது' என்று பதில் வந்த பிறகும் இணைப்பைத் துண்டிக்காமல் விட்டுவிடுகிறது. அதே வழியில் அவர் அடுத்து எதைக் கேட்டாலும், மேனேஜரே கேட்பதாக நினைத்து உள்ளே கதவு திறந்துவிடுகிறது.

வயிற்றைக் கலக்கியது வேறு. மேனேஜரின் பதிவேட்டில் இது ஏறவே ஏறாது. ஏற்கெனவே யாராவது வந்து போனார்களா என்று பார்க்க எளிய வழியே இல்லை.

கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் தங்கள் கிளவுட் வாடிக்கையாளர்களுக்குத் தாங்களே சரிசெய்தன. சொந்தமாக நடத்தியவர்கள் தாங்களே அப்டேட் போட வேண்டியிருந்தது. 1.9, அதற்கும் பழைய பதிப்புகளுக்குக் குபர்னெட்டீஸ் குழு திருத்தம் வெளியிடவில்லை. அவர்கள் வீட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.