பிறந்த மண்ணிலும் ஏதிலியரா?

உயிர் காக்க எல்லை கடந்து வந்தவரை "ஏன் வந்தாய்?" என்று கேட்கும் சட்டம், வந்த இடத்தில் பிறந்த குழந்தையையும் அதே வினாவால் மடக்குகின்றது. குழந்தை எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயே பிறந்தது. இவ்வெளிய உண்மையை இந்தியக் குடியுரிமைச் சட்டம் ஏற்க மறுப்பதே, 1983 முதல் தமிழகம் வந்த ஈழத்தமிழ் ஏதிலியர்தம் மக்களுக்கு நேர்ந்த பெருங்கொடுமை.

1955-இல் இயற்றப்பெற்ற அச்சட்டம், மிகச் சிலர் நீங்கலாக, இம்மண்ணில் பிறந்தார் அனைவரையும் குடிமக்களாகவே ஏற்றது. 1987 சூலை 1 முதல் பிறந்தார்க்கோ, பெற்றோருள் ஒருவரேனும் குடிமக்களாய் இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2004 திசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனேயாயினும் மற்றவர் சட்டத்திற்கு மாறாகக் குடியேறியவராயின் குழந்தைக்கு அவ்வுரிமை இல்லை என மேலும் இறுக்கினர். எனவே, ஏதிலிப் பெற்றோர்க்கு இங்கு 1986-இல் பிறந்த அண்ணன் குடிமகன். 1988-இல் பிறந்த தங்கை அயலாள்! ஒரே தாய்ப்பால், இரு வேறு முறை!

பதிவின்வழிக் குடியுரிமை பெறலாமே எனின், சட்டத்திற்கு மாறாகக் குடியேறியவர்க்கு அவ்வாயிலையும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. அத்தகையார் யாவர்? உரிய சீட்டின்றி நாட்டினுள் நுழைந்தவர், அல்லது நுழைந்தபின் ஒப்பிய காலத்திற்கு மேல் தங்கியவர் என்பது அச்சட்டமே தரும் விளக்கம். இரண்டிற்கும் நுழைதலே முதல். தாய் வயிற்றினின்று மண்ணில் வந்து பிறத்தல் நுழைதலாகுமா?

சட்டம் தந்த உரிமையும் எளிதிற் கைக்கு எட்டுவதில்லை. 1986-இல் மண்டபத்தில் பிறந்த பெண்ணொருவர் கடவுச்சீட்டுக்காக மன்றமேற வேண்டியதாயிற்று. அவர் பிறப்பால் இந்தியக் குடிமகளே என்று சென்னை உயர்நயன்மன்ற மதுரைக் கிளை 2022-இல் தீர்ப்புரைத்தது. தெளிவாக எழுதப்பட்ட உரிமைக்கே 36 ஆண்டுகள்!

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாக்கித்தான், ஆப்கானித்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளினின்று வந்த அறுவகைச் சமயத்தார்க்கு வழி திறந்தது; ஈழத்தமிழர்க்குத் திறக்கவில்லை. 2015 சனவரி 9-க்குள் வந்து பதிந்துகொண்ட ஈழத்தமிழரை ஒறுப்பினின்று விலக்கி 2025-இல் ஓர் ஆணை பிறந்தது. ஒறுப்பு நீங்கியது நன்றே. ஆயின் அது குடியுரிமை ஆகாது.

நாட்டுரிமை பெறுதல் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது என்னும் 1989-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. அச்சொல்லைக் காப்பதாயின், இங்குப் பிறந்த ஏதிலியர் மக்களை இந்நாட்டுக் குடிகளாக ஏற்றுச் சட்டத்தைத் திருத்துக! ஈழம் திரும்ப விழைவார் திரும்பட்டும்; அவ்விருப்பம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். பிறப்பைக் குற்றமாக்கும் சட்டம் நயன்மையன்று!