டீலோசில் ஒரு பகல்

கிரேக்கத் தீவுகளுக்குத் தேனிலவு செல்லும் தம்பதியர் மிக்கொனொஸின் வெள்ளை வீடுகளில் தங்கி, அரைமணிப் படகில் டீலோசுக்குப் போய், சலவைக்கல் சிங்கங்களருகே படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். (இரவு தங்க அங்கே அனுமதியில்லை. வெளியே நிற்கும் சிங்கங்களும் நகல்களே!)

போகட்டும், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் காண்பது பாதி டீலோஸ்தான் என்பேன்.

அப்போலோ பிறந்த மண் என்று, கி.மு. 426இல் ஏதென்ஸ் நகரத்தார் அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டி அகற்றினர். இனி இத்தீவில் எவரும் பிறக்கவோ இறக்கவோ கூடாதென்றும் விதித்தனர். கி.மு. 166இல் ரோம் அதனைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கியது. ஒரே நாளில் பதினாயிரம் அடிமைகளை இறக்கி ஏற்றவல்ல சந்தை என்கிறார் பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ. பிறப்பும் இறப்பும் தீட்டாம். மனிதரை விற்பது தீட்டில்லையாம்!

அங்கே ஒரு வீட்டில் தலையிழந்த தம்பதியர் சிலை உண்டு. கிளியோபாத்ரா (எகிப்து அரசியல்லர், ஏதென்ஸ் பெண்மணி) தம் கணவர் டயஸ்கூரிடிஸ் கோயிலுக்கு இரு வெள்ளி முக்காலிகள் அளித்ததைக் கல்லில் பொறித்துவைத்தார். படத்தில் கண்டு நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதே துறைமுகத்தில் கணவன் ஒரு கப்பலிலும் மனைவி வேறொரு கப்பலிலுமாக எத்தனை பேர் ஏற்றப்பட்டிருப்பர்? அவர்களுக்கு யார் சிலை வைத்தார்கள்?

படகு கரை சேர்ந்ததும் வழிகாட்டிகள் முதலில் அந்தச் சந்தையைச் சொல்லட்டும். சிங்கங்களைப் பிறகு காட்டலாம்.