ரீடிங்கை 'செட்' பண்ணாதீங்க ஃப்ரெஷர்ஸ்!

பி.எஸ்சி இயற்பியல், முதல் வருடம். தனி ஊசலை வைத்து புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கும் பிராக்டிக்கல். வகுப்பில் எல்லோருக்கும் 9.8 வர, அந்த மாணவிக்கு மட்டும் 10.8. "சீனியர் ரெக்கார்டைப் பார்த்து மாத்திடுடி" என்றார்கள் தோழிகள்.

அவர் மாற்றவில்லை. மறுபடியும் செய்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஊசலை விட்ட கணமே 'ஒன்று' என எண்ணியிருக்கிறார். 'பூஜ்யம்' என்றுதான் தொடங்க வேண்டும். 20 அலைவு என்று நினைத்தது உண்மையில் 19. 1 மீட்டர் ஊசலில் இதனால் சுமார் 2 விநாடி குறையும். கணக்கில் நேரத்துக்கு வர்க்கம் எடுப்பதால், விடை 10 சதவிகிதத்துக்கு மேல் ஏறிவிடும்!

இப்போது எம்.எஸ்சி படிக்கும் அவர் சொல்வது: "தப்பா வந்த ரீடிங்கை அழிக்காதீங்க. பக்கத்துலயே காரணத்தை எழுதுங்க. நான் தமிழ் மீடியம். வைவான்னாலே கை நடுங்கும். நானே செஞ்சதுங்கறதால அரைகுறை இங்கிலீஷ்லயும் சொல்ல முடிஞ்சுது."

(9.8 வந்தால்தான் ரெக்கார்டில் கையெழுத்து என்று அடம்பிடிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் யாராவது சொன்னால் தேவலை.)

ஐ.ஐ.டி-யில் எம்.எஸ்சி படிக்க ஆசையா? 'ஜாம்' நுழைவுத்தேர்வு பிப்ரவரியில் நடக்கும். இறுதியாண்டிலேயே எழுதலாம் என்பதால், இரண்டாம் வருடமே தயாரிப்பைத் தொடங்குவது நல்லது. என்.பி.டி.இ.எல் பாட வீடியோக்களை இலவசமாகவே பார்க்கலாம். கோடை விடுமுறையில் ஆய்வகத்தில் வேலை கற்றுக்கொள்ள, அறிவியல் அகாடமிகள் தரும் 2 மாத ஃபெல்லோஷிப்பும் இருக்கிறது. துறைத் தலைவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.